பேன் சீப்பு

பண்டாரவளையில் அன்று பதின்மூன்று மணிநேரம் கரண்ட் இல்லை.
பனடோல் ஆளுக்கு ஒரு அட்டை.
இன்சுலின் இல்லை;
இல்லையென்று எழுதி ஒட்டக் கடதாசியும் இல்லை.
பெட்ரோல் வரிசை வளைந்து வந்து
எங்கள் பார்மசிப் படியில் உட்கார்ந்திருந்தது.

எல்லயிலிருந்து வந்த வெள்ளைக்காரி
பேன் சீப்பு கேட்டாள்.
கோமளேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு
மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வங்கி அட்டையை மெஷின் மூன்று தரம் துப்பியது.
அவள் ஊரில் குண்டு. எங்கள் ஊரில் டொலர் இல்லை.
கடன் கொப்பியில் எழுதினேன்:
ஹலினா, எல்ல, சீப்பு ஒன்று.

மறுநாள் செத்த எலியோடு வந்தாள்.
தங்கியிருந்த வீட்டில் அரிசி மூட்டைக்குள் கிடந்ததாம்.
பின்கட்டில் வெள்ளைத் தட்டில் அதைக் கிடத்தி
கல்யாணப் பெண்ணுக்குச் சீவுவதுபோல
வாலிலிருந்து கழுத்துக்கு
மெதுவாக, எதிர்வாகில் சீவினாள்.
ஒன்று. இரண்டு. தெள்ளு துள்ளத் துள்ளத்
தண்ணீர்க் கிளாசில் தட்டினாள்.
ஏழு.

என்ன வேலை உங்களுக்கு, என்றேன்.
அவளுடைய ஆங்கிலத்தை வாங்கி
போன் தமிழில் சொன்னது:
"இருபது வருடம். ஒதெஸா நகரம். நான் தகட்டுக்கு எதிரானவள்."

தகடா?

மேசை லாச்சியைத் திறந்தேன்.
தராசின் கால் ஆடாமலிருக்க முதலாளி வைத்திருந்த
தகரத் துண்டு, ஓர் ஓட்டையும்
இருநூற்றுப் பன்னிரண்டு என்ற இலக்கமும்.
மண்டபம் முகாமில் எங்கள் ஆட்களின் கழுத்தில் தொங்கியது.
துணிக்குப் புகை, உடம்புக்கு மருந்துத் தண்ணீர்,
அக்குளில் கட்டி இருக்கிறதா என்று
கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்து
நாள் எண்ணி, நாள் எண்ணி,
கொள்ளை நோய் இல்லை என்றானபின்
கொழுந்து கிள்ள அனுப்பினார்கள்.

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
தகரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி,
"பிளேக்," என்றாள். "இந்தத் தகடுதான்."

பிறகு போனை மூடிவிட்டோம்.
தெரிந்த ஆங்கிலத்தில் தடுக்கித் தடுக்கிப் பேசினாள்.
அவள் ஊரில் பிறந்த ஒருவர்
பம்பாயில் மருந்து காய்ச்சி
முதல் ஊசியைத் தன் உடம்பில் போட்டுக்கொண்டார்.
பின்னொரு நாள் ஏதோ ஒரு கிராமத்தில்
ஒரு போத்தல் அழுக்குப்பட்டு ஆட்கள் செத்தார்கள்;
பழி அவர்மேல்.
குற்றமில்லை என்று பிறகு சொன்னார்கள்.
அந்தப் "பிறகு" எத்தனை வருஷம் என்று கேட்டேன்.
விரல் மடக்கத் தொடங்கி, விட்டுவிட்டாள்.

இன்னொருவர் புல்வெளியில் வளை வளையாகத் தோண்டி
நோய் ஊரை விட்டுப் போன பின்னும்
மண்ணுக்குள், காட்டு எலிகளின் மயிருக்குள்
குடியிருக்கிறது என்றார்.
"எங்கள் படிப்பு முழுக்க அவ்வளவுதான்.
அது சாகவில்லை. ஆகவே சீவு. எண்ணு.
ஒன்றுமில்லை என்று எழுது.
ஒன்றுமில்லை என்பதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள், சொல்?"

அங்கே ஜெனரேட்டருக்கு டீசல் உண்டா என்று
ஒவ்வொரு ராவும் கூட்டாளிக்கு எழுதுகிறாளாம்.
பதில் சில ராவில் வரும்.
எங்கள் பிரிட்ஜைத் திறந்து கையை வைத்தாள்.
வீட்டுப் பானைத் தண்ணீர் இதைவிடக் குளிர்.
மூடினாள்.
வாசலில் ஒரு மோட்டார்சைக்கிளை
உருட்டிக்கொண்டு போனார்கள், வரிசை ஓரடி நகர்ந்தது.

மே மாதம் கொழும்பு பஸ்ஸில் ஏறினாள்.
போலந்துக்கோ எங்கோ.
சீப்பைக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து,
கடதாசியில் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.
விற்க முடியாது என்கிறாள் கோமளேஸ்வரி.
எறியவும் அவளே விடுவதில்லை.

தகரம் திரும்பத் தராசின் காலுக்கடியில்.

வருஷக் கடைசியில் கொப்பியைப் புரட்டி
இது என்ன கணக்கு என்றார் முதலாளி.
ஹலினா, எல்ல, சீப்பு ஒன்று.
எதிரே, என் கையெழுத்தில்:
வரவு, தெள்ளு ஏழு. நோய் இல்லை.